டிராங்குயிலினா நாணயத்துக்கு இவ்வளவு விலை தரலாமா?

கேள்வி: ரோமானியப் பேரரசர் மூன்றாம் கோர்டியனும் அவர் மனைவி டிராங்குயிலினாவும் எதிரெதிரே பார்த்தபடி இருக்கும் வெண்கல நாணயம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ‘மிக அபூர்வமான பேரரசி’ என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், அந்த விலைக்கு வேண்டாம். விற்பவர் சொல்வது பாதி உண்மை. டிராங்குயிலினாவுக்குத் திருமணம் நடந்தது கி.பி. 241இல். 244இல் கோர்டியன் இறந்துவிட்டார். இடைப்பட்ட காலத்தில் ரோம் அக்கசாலை, அதாவது நாணயம் அடிக்கும் கூடம், டிராங்குயிலினா பெயரில் அடித்த வெள்ளி நாணயம் மிகக் குறைவு. அபூர்வம் என்ற பேச்சு அந்த வெள்ளிக்குத்தான் பொருந்தும். கருங்கடல் கரையிலும் மெசபடோமியாவிலும் இருந்த நகரங்களோ இந்தத் தம்பதியின் முகத்தை வெண்கலத்தில் தாராளமாக அடித்துத் தள்ளின. ஆங்கியாலஸ், மெசெம்ப்ரியா, தோமிஸ், சிங்காரா நாணயங்கள் ஏலங்களில் அடிக்கடி தட்டுப்படும்.

முதலில் எழுத்தைப் பாருங்கள். ரோமில் அடித்ததில் லத்தீன், இந்த நகரங்களுடையதில் கிரேக்கம். அப்புறம் பின்பக்கம். கோட்டைச் சுவர் போன்ற கிரீடத்தோடு ஒரு பெண் பாறைமேல் உட்கார்ந்திருக்க, அவள் தலைக்கு மேல் பாதி குதிரை, பாதி மனிதனான வில்லாளி பாய்ந்தால் அது சிங்காரா. காலடியில் ஒரு நதித்தெய்வம் நீந்தும். எனக்கு இதில் ஒன்று கிடைத்தால் ரோம் வெள்ளியைத் தேடி அலைய மாட்டேன்!

போலியும் உண்டு. வார்த்துச் செய்ததென்றால் விளிம்பைச் சுற்றி அச்சு சேர்ந்த கோடோ அதை அராவிய தடமோ இருக்கும். பரப்பில் பொடிப்பொடியாகக் குமிழ்க்குழிகள் தெரியும். இதைவிடச் சிக்கல், அசல் நாணயத்தில் பெயரை மட்டும் செதுக்கி மாற்றுவது. எழுத்தைச் சுற்றி மட்டும் தளம் பள்ளமாக, வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அதற்காக எழுத்தின்மேல் எழுத்து தெரிந்தாலே போலி என்று ஒதுக்கவும் கூடாது. 260 வாக்கில், இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள கார்னுண்டம் பக்கம் ரெகாலியன் என்பவர் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். அவர் மனைவி டிரையாண்டில்லாவின் முகத்தைப் பழைய தெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசுகளின் மேலேயே அடித்தார்கள். அடியிலிருந்து பழைய எழுத்து எட்டிப்பார்ப்பது அங்கே இயல்பு. அது நிஜமான அபூர்வம்; பெயர்பெற்ற ஏல நிறுவனம் தவிர வேறு எங்கும் வாங்காதீர்கள்.

உங்கள் நாணயத்துக்கு எடை, விட்டம், விளிம்பின் படம் மூன்றையும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். வாங்கினால், புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள். பச்சைக் களிம்பு போனால் பாதி விலையும் கூடவே போய்விடும்.