மதுரை விமான நிலையத்தில் வாடகைக் கார்: வாசகர் கேள்வி - பதில்

விமானத்தில் மதுரை வந்து, அங்கிருந்து ராமேஸ்வரம், தனுஷ்கோடி பார்க்கத் திட்டம். இரண்டு நாள், நான்கு பேர். டிரைவரோடு கார் எடுப்பதா, நாமே ஓட்டும் காரா? - வாசகி, சென்னை

முதலில் கிலோமீட்டர் கணக்கைப் பாருங்கள். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை போய்த் திரும்புவதையும் சேர்த்தால் மொத்தம் 390 கி.மீ. வரும். வெளியூர் டாக்ஸியில் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ. என்றுதான் பெரும்பாலும் பில் போடுவார்கள். இரண்டு நாள் என்றால் 390 ஓடினாலும் 500 கி.மீ.க்குப் பணம். கி.மீ.க்கு 14 ரூபாய் என்று வைத்தால் 7,000 ரூபாய்; டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் தனி.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. டாக்ஸிக்காரர்களுக்கு நாள் என்பது நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரை. இரவு 9 மணிக்கு இறங்கி அப்போதே கிளம்பினால் அந்த மூன்று மணி நேரமும் ஒரு நாள் கணக்கில் போய்விடும். செல்ஃப் டிரைவ் காரில் 24 மணி நேரம்தான் ஒரு நாள். எனவே இரவில் இறங்குபவர்கள் மதுரையில் தங்கிவிட்டு, காலையில் டாக்ஸி எடுப்பதே லாபம். கி.மீ. எங்கிருந்து தொடங்குகிறது, விமான நிலையத்திலிருந்தா, அவர்கள் ஷெட்டிலிருந்தா என்பதையும் முன்பே கேளுங்கள்.

இந்தப் பாதையில் நீங்களே ஓட்டலாம் என்பதே எங்கள் கருத்து. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் நுழையாமல் ரிங் ரோட்டில் விரகனூர் போய், ராமேஸ்வரம் சாலையைப் பிடித்துவிடலாம். பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை. அதற்கப்பால் இருவழி, எதிரே பஸ் வரும்போது முந்த முயலாதீர்கள். பாம்பன் சாலைப் பாலமும் (1988இல் திறந்தது) இருவழிதான். புகைப்படத்துக்காக ஒரு கார் நின்றாலே பின்னால் வரிசை கட்டிவிடும். தனுஷ்கோடிக்குள் மாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், பிற்பகல் 3 மணிக்குள் போய்விடுங்கள். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உண்டு. அதைவிட்டு மணலில் இறக்காதீர்கள். முன்சக்கரத்தில் இழுக்கும் சிறிய கார் மணலில் சிக்கினால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் புதையும். மீட்கும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

சமூக ஊடகத்தில் நாளுக்கு 1,500 ரூபாய்க்கு கார் தருவதாக ஒருவர் விளம்பரம் செய்கிறார். வெள்ளை போர்டு கார். எடுக்கலாமா? - வாசகர், பெங்களூரு

வேண்டாம். வாடகைக்கு விட அனுமதி பெற்ற செல்ஃப் டிரைவ் காருக்குக் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். டிரைவரோடு வரும் டாக்ஸிக்கு மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து. வெள்ளை பிளேட் சொந்த உபயோகத்துக்கு மட்டும். அதை வாடகைக்கு எடுத்து ஓட்டி விபத்து நேர்ந்தால், பாலிசி விதியை மீறி வாடகைக்கு விட்டதாகச் சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கலாம். காரின் சேதத்தோடு, அடிபட்டவருக்கான நஷ்ட ஈடும் உங்களைத் தேடி வரக்கூடும். நாளைக்கு 500 ரூபாய் மிச்சம் பிடிக்க இந்த ஆபத்தை வாங்காதீர்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் கார் நம்பரைக் கேட்டு வாங்கி, அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ், புகைச் சான்று, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எல்லாம் எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும். நம்பர் தர மறுப்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஓட்டப்போகிற ஒவ்வொருவரின் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெயரில்லாத மைத்துனர் ஓட்டும்போது இடித்தால் க்ளெய்ம் கிடைப்பது கடினம். தேக்கடி, மூணாறு போவதானால் கேரளத்துக்குப் பர்மிட் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மதுரையில் பெரும்பாலும் ஊருக்குள் அலுவலகம் வைத்திருப்பவர்களே காரை விமான நிலைய பார்க்கிங்கில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அங்கே பார்க்கிங் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். கொண்டுவந்தவரும் அவசரப்படுத்துவார். நீங்கள் அவசரப்படாதீர்கள். பத்து நிமிடம் எடுத்து, காரைச் சுற்றி வீடியோ எடுங்கள். பம்பரின் அடிப்பக்கம், சக்கர ரிம், கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, மீட்டரில் கி.மீ.யும் எரிபொருள் அளவும் தெரிய வேண்டும். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றையும் பாருங்கள்.

டயரை மட்டும் குனிந்து பார்த்தே ஆக வேண்டும். பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்திருந்தால் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. மட்டுமே. சட்டப்படி அதுவே கடைசி எல்லை. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. தேய்மானம் குறைவாக இருந்தாலும் ஆறேழு வருடம் ஆகி வெடிப்பு விட்ட டயரோடு வெளியூர் கிளம்பாதீர்கள்.

கொடைக்கானலுக்கு வாடகைக் காரில் போக இ-பாஸ் எப்படி எடுப்பது? - வாசகர், திருச்சி

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் நடைமுறை வந்தது. விண்ணப்பத்தில் வண்டி நம்பர் கேட்பார்கள். வாடகைக் காரில் சிக்கல் இங்கேதான்: பல நிறுவனங்கள் கிளம்பும் நாள் காலையில்தான் நம்பரைச் சொல்கின்றன. முதல் நாளே நம்பர் வேண்டும் என்று புக் செய்யும்போதே நிபந்தனை போடுங்கள். கடைசி நேரத்தில் வேறு கார் வந்தால், அந்த நம்பருக்கு புதிதாகப் பாஸ் எடுக்காமல் கிளம்ப வேண்டாம். தண்ணீரை ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள், அதற்குத் தடை உண்டு.

பெட்ரோலை வத்தலக்குண்டிலேயே நிரப்புங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் பேட் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு போல அமுங்கும். அதற்கு முன்பே கருகல் வாடை வரும். வந்தவுடன் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துவிடும். ஆட்டோமேட்டிக் காரை டி-யிலேயே விடாமல் மேனுவல் அல்லது எல்-க்கு மாற்றி இறங்குங்கள்.

மலைச்சாலை பழக்கமில்லாதவர்களுக்கு உள்ளூர் டிரைவரோடு போவதையே சொல்வோம்.

சிங்கப்பூர் லைசென்ஸ் போதுமா? - வாசகர், சிங்கப்பூர்

போதாது. அங்கேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்து வாருங்கள். இந்தியாவில் அதைத் தரமாட்டார்கள். ஒரு வருடம் வரை செல்லும். அசல் லைசென்ஸ், பாஸ்போர்ட், விசா மூன்றும் கையில் இருக்க வேண்டும். டெபாசிட்டை வெளிநாட்டு கார்டில் வாங்குவார்களா என்று முன்பே கேளுங்கள். சிலர் யு.பி.ஐ. மட்டுமே ஏற்கிறார்கள்.

காரைத் திருப்பிக் கொடுத்தபின் டெபாசிட்டில் பிடித்தம் செய்கிறார்கள். தவிர்ப்பது எப்படி? - வாசகி, கோவை

பிடித்தம் பெரும்பாலும் மூன்று வகை: எரிபொருள், டோல், அபராதம். கிளம்பும்போது இருந்த அளவுக்கே எரிபொருளை நிரப்பிக் கொடுங்கள், பம்ப் ரசீதை வைத்திருங்கள். காரின் ஃபாஸ்டேக் உரிமையாளரின் பெயரில் இருப்பதால் டோல் அவர் கணக்கில்தான் கழியும். எந்தச் சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தீர்கள் என்று குறித்துக்கொண்டு, அவர் காட்டும் ஃபாஸ்டேக் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். பேலன்ஸ் இல்லாமல் சாவடியில் நின்றால் கூடுதல் கட்டணம் கட்ட நேரும். சாவி வாங்கும்போதே அதில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள்.

கேமரா அபராதம் சில நாள் கழித்துத்தான் வரும். அதற்காகத் தொகை நிறுத்திவைத்தால், எந்தத் தேதிக்குள் திருப்புவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அபராதம் வந்ததாகச் சொன்னால் இ-செலான் நகலைக் கேளுங்கள். அதில் இடம், தேதி, நேரம் இருக்கும். கார் உங்களிடம் இருந்த நேரத்துக்கு வெளியே விழுந்த அபராதத்தை நீங்கள் கட்ட வேண்டியதில்லை.