ஜாஷ் கிப்சன்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: பேஸ்பால் எனக்கு அவ்வளவாகத் தெரியாது சார். கேட்சர் என்றால் நம் விக்கெட் கீப்பர் மாதிரியா?

நிற்கும் இடம் அதுதான், வேலை இன்னும் கூடுதல். எந்தப் பந்து வேண்டும் என்று பிட்சருக்கு, அதாவது பந்து வீசுபவருக்கு, விரல் சைகை காட்டுபவர் அவரே. ஆட்டம் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுவதில் முழங்கால் தேய்ந்துவிடும். அதனால் கேட்சரிடம் யாரும் பெரிதாக பேட்டிங்கை எதிர்பார்ப்பதில்லை. கிப்சன் அந்த வேலையைச் செய்துகொண்டே, அமெரிக்காவில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கென்று தனியாக நடந்த கறுப்பர் லீக்கின் பயங்கரமான ஹிட்டராகவும் இருந்தார்.

கேள்வி: ஆட்டத்துக்கு எப்படி வந்தார்?

1911-ல் ஜார்ஜியாவில் பிறந்தவர். அப்பா பிட்ஸ்பர்க் உருக்காலையில் வேலைக்குச் சேர, குடும்பமும் அங்கே போனது. 1930-ல், 18 வயதில், ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணி. அதே ஆண்டு இரட்டைக் குழந்தைகளைப் பெற்றபோது மனைவி ஹெலன் இறந்துவிட்டார். அப்புறம் பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ், மறுபடி கிரேஸ், நடுவில் மெக்சிகோ.

கேள்வி: அண்ணா, 800 ஹோம் ரன் என்கிறார்களே, நிஜமா?

ஹோம் ரன் என்பது நம் சிக்ஸர் மாதிரி. பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர்ப் பலகையிலேயே 'ஏறத்தாழ 800' என்றுதான் பொறித்திருக்கிறார்கள். ஆனால் அது லீக்குக்கு வெளியே ஆடியதையும் சேர்த்த கணக்கு. லீக் அட்டவணையில் ஆட்டங்கள் கொஞ்சம்தான். மற்ற நாட்களில் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் உள்ளூர் அணிகளோடு ஆடினால்தான் வருமானம். அந்த ஆட்டங்களுக்கெல்லாம் ஸ்கோர் எழுதி வைத்தது யார்? லீக் ஆட்டங்களில் பதிவாகிக் கிடைத்தவை 200-க்கும் குறைவு. 800-ஐ நான் பிடித்துத் தொங்கமாட்டேன். தேவையும் இல்லை: 2024-ல் அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக் தன் பதிவேட்டில் கறுப்பர் லீக் கணக்கைச் சேர்த்தபோது, கிப்சனின் 0.372 பேட்டிங் சராசரி (ஆயிரம் வாய்ப்புக்கு 372 ஹிட்) மேஜர் லீக் ஜாம்பவான் டை காபின் 0.367-ஐத் தாண்டி முதலிடத்துக்கு வந்துவிட்டது.

கேள்வி: குறைந்த ஆட்டங்கள் ஆடியவரைக் காபுக்கு மேலே வைப்பது நியாயமா?

1943-ல் அவர் எடுத்த 0.466 ஒரே சீசன் கணக்கு. அதில் உங்கள் சந்தேகம் சரி, சின்ன சீசனில் சராசரி எகிறும். ஆனால் 0.372 பல ஆண்டுகள் சேர்ந்தது. எதிரணி பலவீனம் என்பீர்களானால், காபும் மேஜர் லீக்கில் ஒரு கறுப்பின பிட்சரைக்கூடச் சந்திக்காமல்தானே அந்தச் சராசரியைச் சேர்த்தார்?

கேள்வி: அவரை ஏன் மேஜர் லீக்கில் எடுக்கவில்லை?

நிறம்தான் காரணம். எழுத்தில் விதி கிடையாது, முதலாளிகள் எல்லோரும் கடைப்பிடித்தார்கள். கொடுமை என்னவென்றால், மேஜர் லீக் அணியான வாஷிங்டன் செனட்டர்ஸ் ஆடிய அதே கிரிஃபித் ஸ்டேடியத்தில்தான் கிரேஸும் ஆடியது. வாடகை வாங்கினார்கள், ஆளை எடுக்கவில்லை. 1943-ல் கிப்சனுக்கு மூளையில் கட்டி என்று தெரிந்தது. குடியும் முழங்கால் வலியும் வேறு. 1947 ஜனவரி 20-ல், 35 வயதில் இறந்தார். அந்த நிறத் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக் அணியான டாட்ஜர்ஸுக்குக் களமிறங்கியது அதே ஆண்டு ஏப்ரல் 15.

கேள்வி: கறுப்பர் லீக் கேட்சர் யாருமே அந்தப் பக்கம் போகவில்லையா?

ராய் காம்பனெல்லா போனார். 1948-ல் டாட்ஜர்ஸ், அப்புறம் 1951, 1953, 1955 என மூன்று முறை சிறந்த ஆட்டக்காரர் விருது. பதின்ம வயதிலேயே பால்டிமோர் எலீட் ஜயன்ட்ஸில் சேர்ந்த அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் பிஸ் மாக்கி. கீப்பிங்கை மட்டும் பார்த்தால் கிப்சனைவிட மாக்கிதான் மேல் என்பது என் கட்சி. அவருக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2006-ல்தான்.