பதினெட்டாயிரம் கட்டாமல் பையன் கேம் செய்யக் கற்க முடியுமா?

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் செல்போனில் கேம்தான். திட்டினால் “நானே ஒரு கேம் செய்யப் போறேன்மா” என்கிறான். ஊரில் ஒரு கோடிங் வகுப்பில் விசாரித்தோம். ஆறு மாதத்துக்கு 18,000 ரூபாயாம், முடிவில் சான்றிதழாம், பையன் ஆப் டெவலப்பர் ஆகிவிடுவானாம். அவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை, நான் வீட்டிலேயே தைக்கிறேன். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. என் தம்பி பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் சும்மா கிடக்கிறது. பேட்டரி போய்விட்டது, ஒயர் மாட்டினால் ஓடும். வகுப்பில் சேர்க்கலாமா? ஆறு வயதில் ஒரு பெண்ணும் இருக்கிறாள், அண்ணன் எதைத் தொட்டாலும் அவளுக்கும் வேண்டும்.
— ஓர் அம்மா, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பணத்தை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். அந்த லேப்டாப்பைத் தூசி தட்டுங்கள். ஆனால் அதையும் இன்றைக்கே திறக்க வேண்டாம், அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

நீங்கள் தைக்கிறவர். புது மாதிரி பிளவுஸ் என்றால் அளவெடுத்துப் பேப்பரில் வெட்டிப் பார்க்காமல் நேராகப் பட்டுத் துணியில் கத்தரி வைப்பீர்களா? கேமும் அப்படித்தான். முதலில் தரையில், சாக்பீஸில். ஆடு புலி ஆட்டம் உங்களுக்கோ உங்கள் மாமியாருக்கோ தெரிந்திருக்கும், 3 புலி, 15 ஆடு, கோடுகள் சேரும் 23 இடம். பையனோடு இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, “ஏன்டா 15 ஆடு, 10 வச்சா என்ன ஆகும்?” என்று கேட்டுப் பாருங்கள். ஆடிப் பார்ப்பான். புலிக்குக் கொண்டாட்டம், ஆட்டுக்காரனுக்கு எரிச்சல், ஐந்து நிமிடத்தில் ஆட்டம் சப்பென்று போய்விடும். புலியை ஒன்று குறைத்தால்? இன்னொரு கோடு போட்டால்? விதியை மாற்றினால் ஆட்டம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிற இந்த வேலைக்குத்தான் கேம் டிசைன் என்று பெயர். கோடிங் அதற்கு அப்புறம்தான் வருகிறது. ஒரு வாரம் இதைச் செய்துவிட்டு, அவனாகவே ஒரு ஆட்டம் யோசித்து நோட்டில் வரையச் சொல்லுங்கள். எப்படி ஜெயிப்பது, எப்படித் தோற்பது, இந்த இரண்டையும் எழுதியிருந்தால் போதும்.

ஒன்று நிச்சயம், முதலில் அவன் வரைவது செல்லில் ஆடுகிற துப்பாக்கிச் சண்டையாகத்தான் இருக்கும். அந்த மாதிரி கேமைப் பெரிய கூட்டமே உட்கார்ந்து வருடக்கணக்கில் செய்கிறது, அதை மட்டும் சிரிக்காமல் எடுத்துச் சொல்லி, ஒரே திரையில் அடங்குகிற சின்ன ஆட்டமாக யோசிக்க வையுங்கள்.

அப்புறம் லேப்டாப். ஸ்கிராட்ச் என்று பிள்ளைகள் கேம் செய்வதற்கான ஒரு மென்பொருள் இருக்கிறது, அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரின் குழு 2007இல் வெளியிட்டது. முழுக்க இலவசம், எங்காவது காசு கேட்டால் வேறு இடத்துக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். கட்டளைகளை டைப் அடிக்க வேண்டியதில்லை, வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும், மவுஸால் இழுத்து ஒன்றோடொன்று மாட்ட வேண்டியதுதான். நகர்த்துகிறவை நீலம், திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறவை ஆரஞ்சு. மூவ், டர்ன், ரிப்பீட், ஃபாரெவர், இஃப் என்று கொஞ்சம் ஆங்கிலச் சொற்கள் வரும், கேம் ஆடுகிற பையனுக்கு அது இரண்டு நாள் வேலை. பிரவுசர் ரொம்பப் பழசாக இல்லாமல் இருந்தால் சரி, கணக்கு எதுவும் தொடங்காமலே செய்து கம்ப்யூட்டரில் சேமித்துக்கொள்ளலாம். கணக்கு வேண்டும் என்று அவன் பின்னால் கேட்டால் உங்கள் மின்னஞ்சலில் தொடங்குங்கள். லேப்டாப்பை ஏற்பாடு செய்வதோடு தம்பி நிறுத்திக்கொள்ளட்டும், பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரே செய்து கொடுத்துவிடப் போகிறார்!

பண்ருட்டியில் இருக்கிற என் அக்கா மகள் நாலாம் வகுப்பு லீவில் செய்த முதல் கேம் பற்றிச் சொல்கிறேன். மேலேயிருந்து பலாப்பழம் விழும், கீழே கூடையை அம்புக்குறி பட்டனால் நகர்த்திப் பிடிக்க வேண்டும் (பலாவைக் கூடையில் பிடித்தால் கூடையும் மிஞ்சாது, கையும் மிஞ்சாது, அது வேறு விஷயம்). ஸ்கிராட்ச் மேடை, அதாவது கேம் ஓடுகிற கட்டம், 480க்கு 360. நடுவில் பூஜ்ஜியம், உச்சி 180, அடி மைனஸ் 180. மைனஸ் எண் பள்ளியில் அவளுக்கு இன்னும் வரவே இல்லை, ஆனால் பழம் கீழே போகணும் என்றால் மைனஸ் வேண்டும் என்று அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டாள்.

அதன்பிறகுதான் சிக்கல். ஒரு பழம் பிடித்தால் ஒரு மதிப்பெண் என்று வைத்தாள், ஆடினாள், ஒரே பழத்துக்கு 14 ஏறியது. அடுத்த பழத்துக்கு 11. “சித்தி, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு” என்று வந்து நின்றாள். எனக்கு எங்கே தப்பு என்று தெரியும், வாய் வரைக்கும் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். “இப்ப என்ன நடக்கணும், என்ன நடக்குது?” என்று மட்டும் கேட்டேன். ஒண்ணு ஏறணும், 14 ஏறுது. “பழம் கூடையைத் தொட்டதும் எங்கே போகுது?” கூடைக்குள்ளேயே இறங்கிக்கிட்டே போகுது. “எவ்வளவு நேரம் தொட்டுக்கிட்டே இருக்கு?” கொஞ்ச நேரம் பேச்சில்லை. பழத்தின் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள், இப்போது மதிப்பெண் இன்னும் அதிகம் ஏறியது, அங்கேதான் பிடித்தாள். ஃபாரெவர் என்ற கட்டை ஒரு நொடிக்கு சுமார் 30 தடவை “தொடுதா, தொடுதா” என்று கேட்டுக்கொண்டே இருக்கும், அரை நொடி தொட்டால் பதினைந்து தடவை ஆமாம் என்று எண்ணிவிடும். தொட்ட உடனே பழத்தை உச்சிக்கு அனுப்பு என்று ஒரு நீலக் கட்டையை நடுவே செருகினாள், சரியாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அவளைக் கூப்பிட்டு என் அக்காவுக்குத் தொண்டை கட்டிப்போனது.

அந்த “என்ன நடக்கணும், என்ன நடக்குது” என்ற கேள்விக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்கத் தேவையே இல்லை, பாருங்கள். அதைக் கேட்க உங்களால் முடியும், மெஷினில் உட்கார்ந்துகொண்டே முடியும். சொல்லப்போனால் தெரியாதவர் கேட்பது இன்னும் நல்லது, தெரிந்தவர் கை சும்மா இருக்காது, மவுஸைப் பிடுங்கிவிடும். அவன் செய்து முடித்ததும் நீங்கள்தான் முதலில் ஆட வேண்டும். எப்படி ஆடுவது என்று அவன் வாயால் சொல்லாமல், திரையைப் பார்த்தே உங்களுக்குப் புரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள். “சூப்பர்டா” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள், பத்து வயதுக்கு அந்தப் பொய் தெரியும்.

ஸ்கிராட்சில் மற்ற பிள்ளைகள் செய்த கேம்களையும் திறந்து, உள்ளே கட்டைகள் எப்படி மாட்டியிருக்கின்றன என்று பார்க்கலாம், எடுத்து மாற்றியும் செய்யலாம், முதலில் செய்தவர் பெயர் தானாகவே அதில் வந்துவிடும். காப்பியடிக்கிறான் என்று பதறாதீர்கள். பக்கத்து வீட்டுக் கோலத்தைப் பார்த்துப் போட்டு ஓரத்தில் ஒரு இதழ் கூடச் சேர்ப்பதில்லையா, அதுதான்.

சின்னவளுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கானது, எழுத்தே கிடையாது, எல்லாம் படம். டேப்லெட் யாரிடமாவது இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டாலும் குறையில்லை, அண்ணன் கேமுக்குப் படம் வரைவதும் சத்தம் பதிவு செய்வதும் அவள் வேலை. (சண்டை வரும். வரட்டும்.)

வகுப்பு கூடாது என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஸ்கிராட்ச் போதவில்லை, பைதான் என்கிற கம்ப்யூட்டர் மொழி கற்கணும் என்று அவனே வந்து நின்றால் அப்போது நல்ல ஆசிரியர் ஒருவர் பெரிய உதவி. எந்த வகுப்பானாலும் பணம் கட்டும் முன் ஒரு நாள் போய், அங்கே படிக்கிற நான்கு பிள்ளைகள் செய்த கேமைக் காட்டச் சொல்லுங்கள். நான்கும் ஒரே கேமாக இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சான்றிதழை வைத்துக்கொண்டு பத்து வயதுப் பையன் எங்கே வேலைக்குப் போகப் போகிறான்?

செல்போன் கேமை உடனே நிறுத்தவும் வேண்டாம். எந்த இடத்தில் கடுப்பாகிறது, எந்த இடத்தில் விடவே மனசு வரவில்லை, ஏன் அப்படி என்று ஆடி முடித்ததும் கேளுங்கள், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். நோட்டில் எழுதச் சொன்னால் மட்டும் ஓடிவிடுவான், அதனால் பேச்சோடு விடுங்கள்.

பழைய லேப்டாப்புக்கு இப்போதே புது பேட்டரி வாங்க வேண்டாம், பையன் மூன்று கேம் செய்யட்டும், பிறகு பார்க்கலாம். சார்ஜர் ஒயர் தையல் மெஷின் பெடலில் மாட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.