காயப்பட்டவரிடம் பாவத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி: சபையில் அண்மையில் மேய்ப்புப் பணி ஏற்றிருக்கிறேன். கணவரால் பல ஆண்டுகள் அடிபட்ட ஒரு பெண், அவரை மன்னிக்க முடியாததால் தாம் இரட்சிப்பை இழந்துவிட்டதாகச் சொல்லி அழுகிறார். மனந்திரும்பி ஜெபிக்கும்படி சொல்வதா?

பதில்: அப்படிச் சொல்லாதீர்கள். அவர் உங்களிடம் அறிக்கையிடுவது தாம் செய்த பாவத்தை அன்று; தமக்கு எதிராகச் செய்யப்பட்ட பாவம் விட்டுச்சென்ற காயத்தை. குற்றம், தண்டனை, விடுவிப்பு என்னும் நீதிமன்ற மொழிக்கு வேதாகமத்தில் ஆதாரம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை; ஆனால் அந்த ஒரு மொழியிலேயே நாம் பிரசங்கித்துப் பழகியதால், அடித்தவர் நிற்கவேண்டிய கூண்டில் அடிபட்டவரும் ஏறி நிற்கிறார். பாவக் கோட்பாடு பாவம் செய்தவரை மட்டுமே பார்க்கிறது, அதற்கு இரையானவரின் ஆறாத வேதனையைப் பார்ப்பதில்லை என்று கொரிய-அமெரிக்க இறையியலாளர் ஆண்ட்ரூ சங் பார்க் 1993-இல் எழுதினார். அந்த வேதனைக்குக் கொரிய மொழியில் 'ஹான்' என்று பெயர்.

புதிய ஏற்பாட்டில் இரட்சிப்பதைக் குறிக்கும் 'சோட்சோ' என்னும் கிரேக்க வினைச்சொல் குணமாக்குவதையும் குறிக்கும். பாவியென்று ஒதுக்கப்பட்ட பெண்ணிடமும் (லூக்கா 7:50), 12 ஆண்டுகள் பெரும்பாட்டினால் (நிற்காத இரத்தப்போக்கினால்) வருந்திய பெண்ணிடமும் (மாற்கு 5:34) இயேசு ஒரே வாக்கியத்தையே சொல்கிறார்: "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது." முன்னவளுக்குப் பாவமன்னிப்பு கூறப்படுகிறது, பின்னவளிடமோ பாவம் என்ற பேச்சே எழவில்லை, அவளுடைய வேதனை நீங்குவதே அங்கே இரட்சிப்பு. உங்களிடம் வந்திருப்பவருக்கு இந்த இரண்டாம் பெண்ணின் கதையை மெதுவாக வாசித்துக் காட்டுங்கள்.

மன்னிப்பை அவசரப்படுத்த வேண்டாம். மன்னிப்பது என்பது அடித்தவரிடம் திரும்பிப் போவது அன்று என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், ஏனெனில் பலர் இரண்டையும் ஒன்றென்றே நம்பி உயிருக்கே ஆபத்தான வீட்டுக்குத் திரும்புகிறார்கள். பாவ அறிக்கை ஜெபத்துக்குப் பதிலாகப் புலம்பல் சங்கீதங்களை அவரோடு சேர்ந்து ஜெபிக்கலாம். 88-ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட இன்றி இருளிலேயே முடிகிறது, ஆயினும் அது ஜெபமே.

மனந்திரும்புதலைக் கேட்கவேண்டிய இடம் கணவர். அவர் கண்ணீரோடு வந்தால், தான் வஞ்சித்ததை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக வரிவசூலிப்பவனான சகேயு சொன்ன பிறகே "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு அறிவித்ததை (லூக்கா 19:8-9) நினைவில் கொண்டு, செயலில் மாற்றத்தைக் கேளுங்கள். இருவரையும் ஒன்றாக அமர்த்திச் சமரசம் பேசாதீர்கள். இன்றிரவு தங்குவதற்குப் பாதுகாப்பான இடம் இருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் முதலில் கேளுங்கள். இல்லையென்றால், ஜெபத்துக்கு முன்பே அதற்கு வழி செய்யுங்கள்.