சின்னக் கம்பெனி எஞ்சினுக்கு ஏன் இரண்டு மடங்கு விலை?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாடல் ரயில் பற்றித்தான். வாளையாறு வழியாகவும் ஆரியங்காவு மலைப்பாதையிலும் ரயிலை வேடிக்கை பார்த்து வளர்ந்த கூட்டம், வேறெதைக் கேட்கும்? கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபத்தில் கை வைக்கவில்லை.

கேள்வி: பெரிய வெளிநாட்டுக் கம்பெனியின் ஹெச்.ஓ. (நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு அளவு) டீசல் எஞ்சின் 11,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நம்ம ஊர் ரயில்வேயின் டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின் மாடலை வீட்டிலேயே செய்து விற்கும் ஒருவர் 26,000 கேட்கிறார். அதே அளவு, அதே பிளாஸ்டிக். இது கொள்ளை இல்லையா சார்? (சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

பதில்: இல்லை. எஞ்சின் விலையில் பிளாஸ்டிக் வெறும் சில்லறை, பெரும் பணம் போவது அதை வார்க்கும் இரும்பு அச்சில். ஒரு கணக்குக்கு அச்சு, வடிவமைப்பு எல்லாம் சேர்த்து 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 10,000 எஞ்சின் விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 400 ரூபாய் விழும். 200 தான் விற்கும் என்றால் 20,000. மோட்டார், சக்கரம், பெயின்ட், பெட்டி எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை. அப்புறம் பெரிய கம்பெனிக்காரன் அந்த அச்சை ஒரு தடவையோடு விட மாட்டான், பல வருஷம் வைத்துக்கொண்டு வண்ணத்தையும் எண்ணையும் மாற்றி மாற்றி அதே எஞ்சினைப் புது வரவு என்று விற்பான். தொழிற்சாலை விஷயமும் இருக்கிறது. மாடல் ரயில் கம்பெனி ஹார்ன்பி 1990களில் இங்கிலாந்தின் மார்கேட் ஊரிலிருந்து உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டுபோனது. இன்னொரு கம்பெனி பாக்மன் 1987 முதல் ஹாங்காங் கேடர் குழுமத்தின் கையில், அதாவது வார்க்கிற தொழிற்சாலையும் விற்கிற பெயரும் ஒரே வீட்டுக்குள்.

உங்கள் 26,000 ரூபாய்க்காரருக்கு இரும்பு அச்சு கட்டுப்படியாகாது. சிலிகான் ரப்பரில் அச்சு எடுத்து ரெசின் ஊற்றுவார், சில டஜன் வார்ப்புக்குள் ரப்பர் கிழிந்துவிடும், மறுபடி புது அச்சு. இல்லையென்றால் 3டி பிரின்ட் போட்டு, அடுக்கடுக்காகத் தெரியும் கோடுகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எண்ணும் எழுத்தும் இடுக்கியால் ஒட்டுவது. கீழே ஓடுகிற பாகம் இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. டபிள்யூ.டி.எம்.-2 அமெரிக்க ஆல்கோ வடிவமைப்பு என்பதால் பலர் அமெரிக்க எஞ்சின் மாடல் ஒன்றைக் கடை விலைக்கு வாங்கி, மேல் ஓட்டைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, அந்தச் சேஸியின் மேல் நம்ம எஞ்சினை உட்கார வைக்கிறார்கள். ஆக நீங்கள் சொல்லும் அந்த 11,000 ரூபாய் எஞ்சின் 26,000க்கு உள்ளேயே ஒளிந்திருக்கலாம்.

பெரியது என்றாலே மலிவு என்றும் நினைக்க வேண்டாம். 1859இல் தொடங்கிய மார்க்லின் இன்றும் ஜெர்மனியிலும் ஹங்கேரியிலும் சொந்தத் தொழிற்சாலை வைத்து உலோக உடல் வார்க்கிறது, விலையைப் பார்த்தால் தலை சுற்றும். அவ்வளவு வாங்கியும் 2009இல் திவால் மனு போட்டது. மறுபக்கம், இங்கிலாந்தில் புதிதாக வந்த சில சின்னக் கம்பெனிகள் சீனத் தொழிற்சாலையில் செய்து கடைக்காரர் பங்கு இல்லாமல் நேரடியாக விற்பதால் பெரியவர்கள் விலைக்கே கொடுக்க முடிகிறது.

உங்களுக்குச் சந்தேகம் என்றால் அந்த மனிதரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: உள்ளே யாருடைய சேஸி, பெயின்ட் அடிப்பதற்கு முன் உடலின் போட்டோ உண்டா. கோடு தேய்க்காத பிரின்டுக்கு 26,000 கேட்டால் அப்போது கொள்ளை என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன்.

கேள்வி: ஒரு பெரிய கம்பெனி எஞ்சின், இன்னொரு பெரிய கம்பெனி பெட்டிகள் வாங்கினேன். இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. ஆனால் பெட்டி எஞ்சினைவிடக் கொழுத்து நிற்கிறது. யார் ஏமாற்றியது? (குப்பம்)

பதில்: யாரும் இல்லை. எஞ்சின் ஹெச்.ஓ., 1:87. பெட்டி பிரிட்டிஷ் ஓ.ஓ., 1:76. இரண்டுக்கும் தண்டவாளம் 16.5 மி.மீ. தான். வாங்கிய அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கும், படித்திருக்கலாம்.

கேள்வி: ‘டிசிசி ரெடி’ என்று போட்டிருந்த எஞ்சினை வாங்கினேன். டிஜிட்டல் கன்ட்ரோலரில் அசையவே இல்லை. (கஞ்சிக்கோடு)

பதில்: டிசிசி என்பது எஞ்சினை டிஜிட்டல் கட்டளையால் ஓட்டும் முறை. ‘ரெடி’ என்றால் உள்ளே சாக்கெட் மட்டும்தான் இருக்கும். கட்டளையைப் புரிந்துகொள்ளும் டீக்கோடர் சர்க்யூட்டைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். இதே கேள்விக்கு முன்பும் பதில் எழுதியாயிற்று.

கேள்வி: பெயர் பெற்ற கம்பெனியின் எஞ்சின், ஆறு வருஷம் பெட்டியிலேயே இருந்தது. பேரனுக்காக எடுத்து ஓட்டினால் ‘டக்... டக்’ என்று நொண்டுகிறது. ஓடாமல் இருந்தாலே கெட்டுப்போகுமா? (கொழிஞ்சாம்பாறை)

பதில்: போகும் அம்மா, உங்கள் மேல் தப்பே இல்லை. எஞ்சினைக் கவிழ்த்து அடி மூடியைக் கழற்றி ஒவ்வொரு சக்கர அச்சாக (ஆக்சில்) சுற்றிப் பாருங்கள். வெள்ளையோ கறுப்போ சின்னப் பிளாஸ்டிக் கியர் ஒன்றில் இரண்டு பல்லுக்கு நடுவே முடி கனத்துக்கு வெடிப்பு இருக்கும். இரும்பு ஆக்சிலின் மேல் அந்தக் கியரை இறுக்கி ஏற்றியிருப்பார்கள், பிளாஸ்டிக் அந்த இறுக்கத்தைச் சும்மா இருக்கும்போதும் தாங்கிக்கொண்டே இருந்து ஒரு நாள் விட்டுக்கொடுத்துவிடும். வெடித்த இடத்தில் பல் விலகுவதால் சுற்றுக்கு ஒரு தடவை துள்ளும். சூப்பர் குளூ போடாதீர்கள், அந்தப் பிளாஸ்டிக்கில் நிற்காது.

இந்த ‘டக்’ சத்தம் என் அலமாரியிலும் இருக்கிறது. பெரிய பெயரை நம்பி நான் வாங்கிய ஒரு எஞ்சின். கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். அந்த மாடலை நிறுத்திவிட்டோம், புது வரவுகளைப் பாருங்கள் என்று அழகான பதில் வந்தது. ஒரு சுண்டுவிரல் நகம் அளவு கியருக்காக முழு எஞ்சினைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்! என் நீண்ட நாள் வயிற்றெரிச்சல் இதுதான். விலையை ஒப்பிடுகிற எவரும் ஸ்பேரை ஒப்பிடுவதில்லை. 26,000க்கு விற்கிறவரிடம் போன் செய்தால் அவரே எடுத்து, எந்தச் சேஸி, எத்தனை பல் என்று சொல்வார், கையில் இருந்தால் கவரில் போட்டு அனுப்பியும் வைப்பார். பெரிய கம்பெனிக்காரனுக்கு உலகமே கடை, ஆனால் ஒரு கியர் கிடையாது. எல்லாப் பெரிய கம்பெனியும் இப்படி இல்லை, ஸ்பேர் பட்டியலை எண்ணோடு போடுகிறவர்களும் உண்டு, அவர்களிடம் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து வாங்குங்கள். உங்களுக்கு இப்போதைக்கு: பல்லை எண்ணுங்கள், வெர்னியரில் ஆக்சிலின் தடிமனையும் கியரின் வெளி விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள், மூன்றும் பொருந்தும் கியர் வேறு கம்பெனியுடையதாக இருந்தாலும் வேலை செய்யும்.

கேள்வி: சின்னத் தயாரிப்பாளர் ஒருவரிடம் டபிள்யூ.ஏ.பி.-4 மின்சார எஞ்சின் மாடலுக்கு 15,000 முன்பணம் கட்டினேன். ஒன்றரை வருஷம் ஆகிறது. முதலில் ‘பெயின்ட் நடக்கிறது’ என்றார், இப்போது வாட்ஸ்அப்பில் பதிலே இல்லை. அவர் சென்னையில், நான் ஆந்திராவில். அலைய முடியாது. (நகரி, பெயர் வேண்டாம்)

பதில்: அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், விற்றவர் எந்த மாநிலம் என்பது பிரச்சினை இல்லை. 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், ஒன்றரை ஓடிவிட்டது, சீக்கிரம். முதலில் பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு இரண்டையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, 15 நாளில் பணம் திரும்ப வேண்டும் என்று பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். சின்னத் தயாரிப்பாளர்கள் விலை கூடக் கேட்பதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் நியாயப்படுத்துவேன், இதை மாட்டேன். முன்பணம் வாங்காமல் அவர்களால் ரெசின்கூட வாங்க முடியாது என்பது உண்மைதான், அதற்காக அடுத்தவர் பணத்தில் முந்தையவர் எஞ்சினைச் செய்துகொண்டு போக முடியாது.

கேள்வி: வெளிநாட்டில் பார்க்கும் விலைக்கும் இங்கே கடையில் சொல்லும் விலைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? (பாறசாலை)

பதில்: மாடல் ரயிலும் சுங்கத்தில் பொம்மை வரிசைதான். 2020இல் இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. அதன் மேல் ஜிஎஸ்டி. பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இல்லாமல் மலிவாகக் கொடுத்தால் அது எந்த வழியில் வந்தது என்று கேட்க நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

கேள்வி: புனலூர்–செங்கோட்டை மீட்டர் கேஜில் அப்பா கார்டாக இருந்தார். அங்கே ஓடிய ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சினைப் பெரிய கம்பெனி எதுவும் செய்யவில்லையே, ஏன்? (ஆரியங்காவு)

பதில்: மீட்டர் கேஜாக 1904இல் திறந்து 2010இல் மூடிய பாதை. அந்தப் பதிமூணு கண்ணறை (வளைவு) பாலத்தில் எஞ்சின் ஏறுவதைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம், பணம் எடுத்து நீட்டுகிறவர்கள் நூறு பேர் தேறுவோமா? மேலே போட்ட அச்சுக் கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள். தண்டவாளத்துக்குக் கவலை இல்லை. ஹெச்.ஓ. அளவில் மீட்டர் கேஜுக்கு 12 மி.மீ. பாதை சுவிட்சர்லாந்து ரயில் ரசிகர்களின் புண்ணியத்தில் எப்போதும் விற்பனையில் இருக்கிறது. உடலை மட்டும் பிரின்ட் போட்டுத் தர யாரையாவது பிடியுங்கள். பழைய நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் வரைபடம் போடும் செலவாவது பிரியும்.

கேள்வி: பையனுக்கு ஐந்து வயது. பிறந்தநாளுக்கு அவனுடைய முதல் ரயிலாக ஹெச்.ஓ. செட் வாங்கலாமா, பெரிய கம்பெனியா சின்னதா? (வேலந்தாவளம்)

பதில்: இரண்டும் வேண்டாம். கைப்பிடியும் கண்ணாடியும் ஒரே நாளில் பிய்ந்து வாய்க்குள் போகும், பெரும்பாலான பெட்டிகளில் 14 வயதுக்கு மேல் என்றே போட்டிருப்பார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பேட்டரி ரயில் ஒன்று வாங்கிக் கொடுங்கள், 2021 ஜனவரி முதல் சிறுவர் பொம்மைகளுக்கு அது கட்டாயம். ஹெச்.ஓ. ஆசை உங்களுடையது என்றால் உங்கள் பெயரிலேயே வாங்கி, பையனுக்கு எட்டாத உயரத்தில் பலகை அடித்து ஓட்டுங்கள்.