மண்ணிற இன்ஹேலர் ஏன் உடனே கேட்பதில்லை?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி: “அம்மாவுக்குத் தொய்வு. நீல இன்ஹேலரை இழுத்தால் ஐந்து நிமிடத்தில் மூச்சு லேசாகிறது. மண்ணிறம் ஒரு கிழமை இழுத்தும் கேட்கவில்லை என்று நிறுத்திவிட்டா. தொடரச் சொல்லலாமா?”

கட்டாயம் தொடரச் சொல்லுங்கள். நீலம், சல்பியூட்டமோல். மூச்சுக்குழாய்த் தசையின் மேற்பரப்பில் ஒட்டியதுமே தசை தளரும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் அழற்சி, அதாவது குழாயின் உட்சுவர் வீங்கிச் சிவந்திருப்பது, அப்படியே இருக்கும்.

அழற்சியை நடத்துவது நோயெதிர்ப்புக் கலங்களின் மரபணுக்கள். அவற்றை முடுக்கும் புரதங்களில் முக்கியமானது என்.எஃப்-கப்பா பி. சாதாரண நேரத்தில் இதை ஐ-கப்பா பி என்ற இன்னொரு புரதம், மரபணுக்கள் இருக்கும் இடமான கலத்தின் கருவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கும். தடிமன் வைரஸ் வந்தால் சில நிமிடங்களில் அந்தப் பிடி சிதைந்து, என்.எஃப்-கப்பா பி கருவுக்குள் போய்விடும். சில மரபணுக்கள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே விழிக்கும், சில பல மணி நேரம் எடுக்கும். வேடிக்கை என்னவென்றால், அது முதலில் முடுக்குபவற்றில் ஐ-கப்பா பியின் மரபணுவும் ஒன்று! புதிதாக வரும் ஐ-கப்பா பி அதை மறுபடி வெளியே இழுத்துவரும். தூண்டுதல் நீடித்தால் திரும்பவும் உள்ளே. ஆய்வுகூடக் கலங்களில் இந்தச் சுற்றுக்குச் சுமார் 100 நிமிடம். தொய்வுக்காரருக்கோ மெத்தைத் தூசு, வாகனப் புகை என்று தூண்டுதல் ஓய்வதே இல்லை.

மண்ணிறம் பெரும்பாலும் பெக்லோமெதசோன், ஒரு ஸ்டீரொய்ட். கலத்துக்குள் தன் ஏற்பியோடு (அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தோடு) சேர்ந்து கருவுக்குள் போய், அழற்சி மரபணுக்களை அடக்கும். தணிக்கும் மரபணுக்களை எழுப்பும். ஆனால் ஏற்கெனவே உருவான புரதங்களை அதனால் அழிக்க முடியாது. அவை தேய வேண்டும், மூச்சுக்குழாயில் குவிந்த ஈசினோஃபில் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் குறைய வேண்டும். விழுங்கும் ஸ்டீரொய்டான பிரெட்னிசொலோன் குளிசைக்கே வேலை செய்யத் தொடங்க நாலு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். இன்ஹேலரின் முழுப் பலன் தெரிய பல கிழமைகள் ஆகும். ஒரு கிழமையில் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

ஆகவே டொக்டர் சொன்ன அளவில் தினமும் இழுக்கட்டும், இழுத்ததும் வாய் கொப்புளித்துத் துப்பட்டும். இல்லாவிட்டால் வாயில் பூஞ்சைப் புண் வரலாம். அப்புறம், நிறத்தை மட்டும் நம்பாமல் மருந்தின் பெயரையும் பாருங்கள். நீலம் கிழமையில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள். திடீரென இழுப்பு வந்தால் இந்த மண்ணிறம் உதவாது, நீலம்தான். அதற்கும் அடங்கவில்லையா, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.