பக்கத்து மனையை வீட்டு மனையோடு சேர்த்தால் வரி குறையுமா?

கேள்வி: எங்கள் ஊர் நகராட்சி எல்லைக்குள், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் 1,500 சதுர அடி மனை என் பெயரில் இருக்கிறது. அதில் தரைத்தள வீடு கட்டிக் குடியிருக்கிறோம். ஒட்டியுள்ள 1,500 சதுர அடி காலிமனையைப் போன வருடம் மனைவி பெயரில் வாங்கினோம். இப்போது வீட்டுக்குச் சொத்து வரி, பக்கத்து இடத்துக்குக் காலிமனை வரி என இரண்டும் கட்டுகிறோம். இரண்டையும் ஒரே மனையாக்கினால் வரி மிச்சம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வரிக்காக மட்டும் என்றால் வேண்டாம். இரண்டு மனையிலும் பரவி நிற்கும்படி வீட்டை விரிவாக்கப் போகிறீர்கள் என்றால் யோசிக்கலாம்.

'சேர்ப்பது' என்ற பேச்சில் மூன்று வேலைகள் கலந்துவிடுகின்றன. நகராட்சியில் வரி விதிப்பைச் சேர்ப்பது ஒன்று. தாலுகா அலுவலகத்தில் பட்டாவின் உட்பிரிவுகளைச் சேர்ப்பது இன்னொன்று. கட்டட அனுமதிக்காக இரண்டு மனையையும் ஒரே மனையாகக் காட்டுவது மூன்றாவது. ஒன்றைச் செய்தால் மற்ற இரண்டும் தானாக நடந்துவிடாது.

காலிமனை வரி சதுர அடிக் கணக்கில் போடப்படுவது. இரண்டு காலிமனைகளைச் சேர்த்தாலும் அதே சதுர அடிதான், அதனால் ஒரு பைசா குறையாது. உங்களுக்குக் குறைய வாய்ப்பு உண்டென்றால் அது வீட்டை ஒட்டி, வீட்டின் உபயோகத்தில் இருக்கும் நிலம் என்ற முறையில்தான். ஆனால் இங்கே உரிமையாளர்கள் இருவர். நீங்கள் கணவன் மனைவி என்றாலும் நகராட்சிப் பதிவேட்டில் இரண்டு வேறு ஆட்கள்.

ஒரே பெயருக்குக் கொண்டுவர மனைவி உங்களுக்குத் தான செட்டில்மென்ட் எழுத வேண்டும். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையில்தான் இந்த உச்சவரம்புகளை உயர்த்தினார்கள். வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனையின் மதிப்பு 15 லட்சம். தீர்வை 15,000, பதிவுக்கு 10,000, ஆக 25,000 ரூபாய். பத்திரம் எழுதும் கூலி தனி. இப்போது உங்கள் காலிமனை வரி ரசீதை எடுங்கள். அரையாண்டுத் தொகையை இரண்டால் பெருக்கி, அதைக் கொண்டு 25,000-ஐ வகுத்துப் பாருங்கள். வரியே முழுதாக ரத்தானாலும் போட்ட பணம் திரும்ப எத்தனை வருடம் ஆகும் என்று தெரிந்துவிடும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை பின்னாளில் பிரிப்பது. மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று கொடுக்கவோ, அவசரத்துக்குக் காலிமனையை மட்டும் விற்கவோ இன்று உங்களால் முடியும், ஏனென்றால் இரண்டும் தனித்தனி எண் உள்ள மனைகள். ஒன்றாக்கிய மனையை மறுபடி வெட்டினால் அந்த உட்பிரிவுக்கு அனுமதி வாங்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனையின் பத்திரப் பதிவைப் பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு தடுக்கிறது. கையில் இருக்கும் இந்த வசதியைச் சில நூறு ரூபாய் வரிக்காக விட்டுவிட நான் சொல்ல மாட்டேன்.

கட்டப் போகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று (விதிப்படி கட்டுகிறேன் என்று உரிமையாளரே உறுதி தரும்) முறையில் உடனடி அனுமதி கிடைப்பது 2,500 சதுர அடி வரையிலான மனைக்குத்தான், கட்டடமும் 3,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். உங்கள் இரண்டு மனையும் சேர்ந்தால் 3,000. அந்த வழி மூடிவிடும், வழக்கமான முறையில்தான் போக வேண்டும். மறுபக்கம், சேர்க்காமல் கட்டினால் நடு எல்லையை ஒட்டிப் பக்க இடைவெளி விட வேண்டி வரலாம். பெரிய வீடு வேண்டும் என்பவருக்கு மட்டும் இது சேர்ப்பதற்கு நல்ல காரணம். காலிமனையின் மேல் வங்கிக் கடன் இருந்தால் முதலில் வங்கியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு மனையும் என் ஒருவர் பெயரிலேயே உள்ளன. ஒன்றில் வீடு, மற்றதில் தோட்டமும் கிணறும். விற்கும்போது வருமான வரிக்காகவாவது பட்டாவைச் சேர்க்க வேண்டுமா?

பதில்: பட்டா எண் இங்கே முடிவு செய்வதில்லை. வீட்டோடு சேர்ந்து அனுபவித்த நிலம் என்றால், 1961 வருமான வரிச் சட்டத்தின் 54-ஆம் பிரிவில் (புதிய சட்டத்தில் எண் வேறு) வீட்டின் லாபத்தோடு அதன் லாபத்துக்கும் வரி விலக்கு கேட்கலாம். அப்போது லாபத்தை மட்டும் புது வீட்டில் போட்டால் போதும். அதே இடத்தைத் தனிக் காலிமனையாக விற்றால் 54எஃப் பிரிவு வரும். அதில் முழு விலக்கு வேண்டுமானால் விற்ற பணம் முழுவதையும் போட வேண்டும். ஆகவே விற்க நினைத்தால் இரண்டையும் ஒரே ஆளுக்கு, வீட்டோடு சேர்த்து விற்கப் பாருங்கள். ஒரே சுற்றுச்சுவர், தோட்டம், கிணற்றிலிருந்து வீட்டுக்குப் போகும் குழாய், எல்லாவற்றையும் தேதியுடன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக் கல்லை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். பத்திரத்துக்கு முன் அந்தப் படங்களோடு ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.